கழற்றலாமா அந்த இறக்கையை?

1971 மார்ச்சில் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் லம்போர்கினி கவுன்டாஷ் முதன்முதலாகப் பார்வைக்கு வந்தபோது அதன் முதுகில் இறக்கை எதுவும் இல்லை. பெர்டோன் நிறுவனத்துக்காக மார்ச்செல்லோ காந்தினி வரைந்த அந்த ஆப்பு வடிவ உடலில், மூக்கு நுனியில் தொடங்கும் கோடு எங்கும் தடைபடாமல் வால்வரை ஓடியது. 1974-ல் விற்பனைக்கு வந்த எல்.பி.400 காரும் அப்படித்தான் இருந்தது. ஆனால் கவுன்டாஷ் என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது வேறு கார்: 1980-களில் சிறுவர்களின் அறைச் சுவர்களை நிறைத்த சுவரொட்டிகளில் இருந்தது, முதுகில் வி வடிவப் பெரிய இறக்கையுடன். 1978-ல் எல்.பி.400 எஸ் வந்தபோது அந்த இறக்கை, விரும்பியவர்கள் கூடுதலாகப் பணம் கொடுத்துப் பொருத்திக்கொள்ளும் துணைப்பொருளாகத்தான் வந்தது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் விரும்பினார்கள்.

இப்படிப்பட்ட ஒரு காரை இன்று கையில் வைத்திருப்பவருக்குச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இறக்கையைக் கழற்றினால் காந்தினி வரைந்த கோடு திரும்பக் கிடைக்கும். கழற்றினால் கார் பிறந்தபோது இருந்த நிலை போய்விடும் என்பதும் உண்மையாக இருக்கலாம். இதை வெறும் ரசனைப் பிரச்சினையாகப் பார்த்து முடிவெடுப்பவர்கள் உண்டு. அழகைப் பற்றிப் பேசுவதற்குமுன் அந்தக் குறிப்பிட்ட காரில் அந்த இறக்கை என்ன வேலை செய்கிறது, யார் வைத்தது, கழற்றினால் திரும்ப வைக்க முடியுமா என்று பார்த்துவிட்டால் பாதி விவாதம் தானாகவே அடங்கிவிடும்.

கார்களில் இறக்கை வந்தது பந்தயத்தின் வழியாக. விமானத்தின் இறக்கை மேலே தூக்குகிறது. அதையே தலைகீழாக வைத்தால் கீழே அழுத்தும். 1928-ல் ஜெர்மனியில் ஓடிய ஓப்பலின் ராக்கெட் காரான ராக் 2-ன் இருபக்கமும் இப்படிப்பட்ட தலைகீழ் இறக்கைகள் இருந்தன. 1956-ல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் மைக்கேல் மே தன் போர்ஷ் 550 பந்தயக் காரின் நடுவில், ஓட்டுநரின் தலைக்கு மேலே ஓர் இறக்கையை நிறுத்தி நியூர்பர்க்ரிங் மைதானத்துக்குக் கொண்டுவந்தார். பந்தயத்தில் அதை அனுமதிக்க மறுத்துவிட்டார்கள். அந்த யோசனையை உலகம் ஏற்றுக்கொள்ள இன்னும் பத்து ஆண்டுகள் ஆயின. 1966-ல் அமெரிக்காவின் ஜிம் ஹால் தன் சப்பரல் 2இ காரின் பின்னால் உயரமான கம்புகளின்மேல் இறக்கையைப் பொருத்தினார். ஓட்டுநர் காலால் மிதித்து அதன் கோணத்தை மாற்றலாம்: நேர்பாதையில் படுக்கவைக்கலாம், வளைவு வரும்போது நிமிர்த்தலாம். 1968-ல் ஃபார்முலா ஒன்னும் அந்தப் பாதையில் இறங்கியது. மறு ஆண்டே, ஸ்பெயினின் மொன்ட்ஜுயிக் பந்தயத்தில் லோட்டஸ் அணியின் இரு கார்களிலும் உயர்ந்த இறக்கைகள் முறிந்து பெரும் விபத்துகள் நேர, அடுத்து நடந்த மொனாக்கோ பந்தயத்தின்போது உயர இறக்கைகளுக்குத் தடை வந்தது. அதன்பிறகுதான் இறக்கை தாழ்ந்து, காரின் உடலோடு ஒட்டிய உறுப்பாக மாறியது. சாலைக் கார்களுக்கு வந்ததும் இந்தத் தாழ்ந்த வகைதான்.

காரின் பின்புறத்தில் காணப்படும் இந்த உறுப்புகள் எல்லாம் ஒரே வகை அல்ல. உடலோடு ஒட்டி, இடைவெளி இல்லாமல் மேலெழும்பி நிற்கும் விளிம்பு ஸ்பாய்லர். காரின் சரிந்த கூரைமீது வழுக்கி இறங்கும் காற்று வேகமெடுத்து, அழுத்தம் குறைந்து, பின்பகுதியை மேலே இழுக்கும். ஸ்பாய்லர் அந்த ஓட்டத்தைக் கலைத்துத் தூக்கலைக் குறைக்கிறது. கால்களின்மேல் நின்று, மேலும் கீழும் காற்று ஓட இடம் விட்டிருப்பது இறக்கை. அது தன் வடிவத்தாலேயே கீழ்நோக்கிய விசையை உண்டாக்குகிறது. ஆனால் அதற்குக் கலையாத காற்று வேண்டும். கூரையின் நிழலில், சுழல்கள் நிறைந்த இடத்தில் தாழ்வாக வைத்த இறக்கை, பார்க்க எவ்வளவு மிரட்டலாக இருந்தாலும், பெரும்பாலும் அலங்காரம்தான்.

இந்த விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. ஒன்றரை மீட்டர் அகலமும் கால் மீட்டர் ஆழமும் உள்ள ஓர் இறக்கையை எடுத்துக்கொண்டு, சாலைக் கார்களுக்குப் பொருந்தும் மிதமான கோணத்தில் கணக்கிட்டால், மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் அது தரும் அழுத்தம் ஏறத்தாழ 2 கிலோ எடைக்குச் சமம். 100 கி.மீ. வேகத்தில் 9 கிலோ. 200 கி.மீ. வேகத்தில் சுமார் 35 கிலோ. ஊருக்குள் ஓடும்போது இறக்கையின் சொந்த எடையைவிட அது தரும் அழுத்தம் குறைவாகவே இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மட்டும் வெளியே எடுக்கப்பட்டு, 100 கி.மீ. வேகத்தைத் தாண்டாத ஒரு பழைய காருக்கு இறக்கை பிடிமானம் தருகிறது என்று யாராவது வாதிட்டால், அவரிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

இதற்கு விலையும் உண்டு. கீழ்நோக்கி அழுத்தும் எந்த இறக்கையும் பின்னோக்கியும் இழுக்கும். இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை: இறக்கை பெரும்பாலும் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் பகுதியில் நிற்கிறது. அங்கே விழும் சுமை பின் சக்கரங்களை அழுத்தும்போதே, பின் அச்சை நடுப்புள்ளியாகக் கொண்டு, ஏற்றப்பலகையின் மறுமுனைபோல மூக்கை மேலே தூக்குகிறது. முன்சக்கரங்களின் மீதுள்ள சுமை அந்த அளவுக்குக் குறையும். அதிவேகத்தில் ஸ்டீயரிங் லேசாகிவிட்டது என்று ஓட்டுநர் உணர்வார். தேர்ந்த வடிவமைப்பாளர்கள் பின்னால் இறக்கை வைத்தால் முன்னாலும் தாடைபோல் ஒரு விளிம்பு வைப்பது இதற்காகத்தான். ஒன்றை எடுத்து மற்றொன்றை விடுவது சமநிலையைக் குலைக்கும்.

கவுன்டாஷை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். அதன் இறக்கையின் வரலாறு லம்போர்கினியின் வடிவமைப்பு அறையில் தொடங்கவில்லை. ஒரு வாடிக்கையாளரின் ஆசையில் தொடங்கியது. கனடாவைச் சேர்ந்த எண்ணெய்த் தொழிலதிபர் வால்ட்டர் உல்ஃப் பிற்பாடு சொந்தமாக ஃபார்முலா ஒன் அணி வைத்தவர். 1977-ல் அர்ஜென்டினாவில் தன் முதல் பந்தயத்திலேயே அந்த அணி வென்றது. 1970-களின் நடுவில் அவர் தனக்கென்று மாற்றியமைத்து வாங்கிய கவுன்டாஷ்களில்தான் அகன்ற டயர்கள், அவற்றை மூடும் புடைத்த வளைவுகள், பின்னிறக்கை எல்லாம் முதலில் வந்தன. அந்தப் பணியில் பொறியாளர் ஜான்பாவ்லோ தல்லாரா உதவினார். உல்ஃபின் கார்களே 1978-ன் எல்.பி.400 எஸ் வகைக்கு முன்மாதிரி ஆயின. பின்சக்கரங்களில் 345 மில்லிமீட்டர் அகலப் பிரெல்லி பி7 டயர்கள் ஏறியது அந்தக் காரில்தான். காந்தினியின் மெலிந்த உடல் அதோடு மறைந்தது.

இறக்கை அதிவேகத்தில் காரின் நிலைத்தன்மையைக் கூட்டியது என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுவது. அதே இறக்கை உச்ச வேகத்தில் மணிக்குக் குறைந்தது 16 கி.மீ. அளவைத் தின்றுவிட்டது. காற்றை எதிர்த்து ஓடத் தேவைப்படும் திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் உயர்கிறது என்பதால், இந்த இழப்பிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், இறக்கை ஒன்றே காரின் மொத்தக் காற்றுத்தடையை 15 முதல் 20 சதவீதம்வரை கூட்டியிருக்க வேண்டும். உலகின் அதிவேகக் கார் தன்னிடம் இருக்க வேண்டும் என்று விரும்பியவர்கள், கூடுதல் பணமும் கொடுத்து அதை மெதுவாக்கிக்கொண்டார்கள். முகப்பில் அதற்கு ஈடான கீழ்விசை இல்லாததால் மூக்கு லேசாகும் பிரச்சினையும் சேர்ந்தது. 1981-ல் வந்த ‘தி கேனன்பால் ரன்’ படத்தில் ஓடும் கறுப்பு எல்.பி.400 எஸ் காரில் முன்னாலும் ஓர் இறக்கை பொருத்தியிருந்தார்கள். அது பொறியியலுக்காக வைத்ததல்ல, திரைக்காக வைத்தது.

ஆக, கவுன்டாஷைப் பொறுத்தவரை இறக்கையை எடுப்பதால் சாதாரண வேக ஓட்டத்தில் பெரிதாக எதையும் இழக்க நேராது. கார் சற்று வேகமாகக்கூட ஓடும். ஏற்கெனவே கண்ணுக்கு எட்டாத அதன் பின்பார்வையும் கொஞ்சம் திறக்கும். கவுன்டாஷைப் பின்னோக்கி எடுப்பவர்கள் கதவை மேலே தூக்கிவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டி ஓட்டுவது பிரசித்தமான காட்சி. 2021-ல் லம்போர்கினியே அந்தப் பெயரை மீட்டெடுத்து 112 கார்கள் மட்டும் செய்தபோது, அந்தப் பெரிய வி வடிவ இறக்கையைத் திரும்பக் கொண்டுவரவில்லை. காந்தினியின் கோட்டுக்கே போனார்கள்.

போர்ஷ் 911-ன் கதை இதற்கு நேர்மாறானது. இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் அந்தக் காரில், கூரையிலிருந்து வால்வரை ஒரே வளைவாக இறங்கும் முதுகு வேகம் கூடக் கூடத் தூக்கலை உண்டாக்கியது. அதிவேக வளைவில் பின்பகுதி லேசாகி வெளியே வீசும் குணத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம். 1972-ல் போர்ஷ் பொறியாளர்கள் டில்மன் பிராட்பெக், ஹெர்மன் பர்ஸ்ட் ஆகியோர் இன்ஜின் மூடியின் விளிம்பை மேலே வளைத்து ஒரு தீர்வு கண்டார்கள். வாத்தின் வால் என்று அதற்குப் பெயர் வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் வெளியான 911 கரேரா ஆர்.எஸ். 2.7 அதைத் தாங்கி வந்தது. முன்னாலும் பின்னாலும் ஸ்பாய்லர் கொண்ட முதல் விற்பனைக் கார் அதுவே என்று போர்ஷ் சொல்கிறது. பந்தய அங்கீகாரத்துக்காக 500 கார்கள் செய்தால் போதும் என்று தொடங்கியவர்கள், கேட்டவர்கள் கூடிக்கொண்டே போனதால் 1,580 செய்தார்கள்.

வாத்துவாலின் சிறப்பு, அது பின்புறத் தூக்கலைக் குறைத்ததோடு நிற்காமல், காற்று உடலைவிட்டுப் பிரியும் இடத்தைத் திருத்தியதால் உச்ச வேகத்தைக்கூடச் சில கிலோமீட்டர் கூட்டியது. கவுன்டாஷில் நடந்ததற்கு முழுக்க எதிர். காற்றுச்சுரங்கத்தில் தகட்டை வெட்டி வெட்டி ஒட்டிப் பார்த்து உருவானதற்கும், பார்வைக்காக வைத்ததற்கும் உள்ள வேறுபாடு இந்த இரண்டு எண்களிலேயே தெரிந்துவிடுகிறது. ஆர்.எஸ். காரிலிருந்து அந்த வாலை எடுத்துவிடலாமா என்று யாரும் கேட்பதில்லை. கேள்வி மறுபக்கத்திலிருந்து வருகிறது: 1960-களின், 1970-களின் சாதாரண 911 கார்களில் பின்னாளில் எத்தனையோ பேர் வாத்துவால் மூடியை வாங்கிப் பொருத்தியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட காரை வாங்கியவர் அதை வைத்திருக்கலாமா, பழைய தட்டையான மூடியைத் திரும்பப் போடலாமா என்பதற்கு இரண்டும் சரியான விடைதான். தூக்கல் குறைவது சாதாரண 911-க்கும் நல்லதே. வாலோடு சேர்த்து ஆர்.எஸ். பெயர்ப் பட்டையையும் பக்கவாட்டில் ஒட்டி விற்கக் கொண்டுவருவது மட்டும் மோசடியின் முதல் படி.

1974 அக்டோபரில் வெளிவந்த 911 டர்போவில் வால் இன்னும் அகன்று, திமிங்கிலத்தின் வாலைப்போல ஆனது. விளிம்பில் ரப்பர் உறை சுற்றியிருந்தது. 1978 மாடலில் இன்ஜின் 3.3 லிட்டராகப் பெருத்தபோது, டர்போ அமுக்கிச் சூடேற்றிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சேர்க்கப்பட்டது. அதை வைக்க இடமில்லாமல் இன்ஜினுக்கு மேலே, வாலுக்குள்ளேயே வைத்தார்கள். வாலின் வடிவமும் அதற்கேற்ப விளிம்பு தூக்கிய தட்டுபோல மாறியது. ஆகவே 3.3 லிட்டர் டர்போவில் இந்த வால் காற்றியக்க உறுப்பு மட்டுமல்ல, இன்ஜினின் ஒரு பகுதிக்கு வீடும்கூட. அதை எடுத்துவிட்டுத் தட்டை மூடி போட நினைப்பவர் இன்டர்கூலரை எங்கே வைப்பது என்று முதலில் பதில் சொல்ல வேண்டும்.

டர்போ அல்லாத 911 எஸ்.சி., கரேரா 3.2 கார்களில் அதே தோற்றமுள்ள வால் விருப்பத் துணைப்பொருளாக, முன்தாடையோடு சேர்த்தே விற்கப்பட்டது. இவற்றில் மூடியை மாற்றுவது சுலபம். வாலும் மூடியும் ஒரே உறுப்பு என்பதால் உடலில் ஒரு துளைகூடப் போட வேண்டியதில்லை. ஏசி உள்ள கார்களில் அதன் கண்டென்சர் இன்ஜின் மூடியின் அடியில் திருகப்பட்டிருக்கும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. 1989-ல் வந்த 964 தலைமுறையில் போர்ஷ் இந்தச் சர்ச்சைக்கே இடமில்லாமல் செய்தது. மணிக்கு 80 கி.மீ. தாண்டியதும் தானே மேலெழும்பும் ஸ்பாய்லரை வைத்தார்கள். நின்றிருக்கும்போது பழைய வளைவு, ஓடும்போது தேவையான விளிம்பு.

சில கார்களில் இறக்கையை வைத்தது காற்றும் அல்ல, ரசனையும் அல்ல, விதிப்புத்தகம். பந்தயக் காரில் ஓர் உறுப்பு வேண்டுமென்றால், அந்த உறுப்போடு இத்தனை சாலைக் கார்களை விற்றிருக்க வேண்டும் என்பது விதி. 1973-ல் பி.எம்.டபிள்யூ. தன் 3.0 சி.எஸ்.எல். காருக்கு அப்படி ஒரு பின்னிறக்கையைச் செய்தது. ஜெர்மனியின் சாலை விதிகள் அதை அனுமதிக்கவில்லை. நிறுவனம் இறக்கையைப் பிரித்து டிக்கிக்குள் வைத்தே காரை ஒப்படைத்தது. வாங்கியவர் வீட்டில் போய்ப் பொருத்திக்கொள்வது அவர் பாடு. அப்படியானால் அந்தக் காரின் ‘அசல்’ நிலை எது? தொழிற்சாலை வாசலைத் தாண்டும்போது இறக்கை முதுகில் இல்லை, ஆனால் காரில் இருந்தது. இந்தக் காரின் உரிமையாளர் இறக்கையை மாட்டினாலும் சரி, கழற்றினாலும் சரி, யாரும் குறை சொல்ல முடியாது. தொலைத்தால்தான் சொல்வார்கள்.

அமெரிக்காவில் 1969-ன் டாட்ஜ் சார்ஜர் டேடோனா, 1970-ன் பிளிமத் சூப்பர்பேர்ட் ஆகியவற்றில் இறக்கை இடுப்புயரத்துக்கும் மேலே நின்றது. உடலிலிருந்து அரை மீட்டருக்கும் கூடுதலாக உயர்த்தி, கூரையைத் தாண்டி வரும் கலையாத காற்றில் அதை நிறுத்தினார்கள். டிக்கியைத் திறக்க இடம் வேண்டும் என்பதற்காகத்தான் அந்த உயரம் என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. கேட்கச் சுவையான கதை. 1970 மார்ச் 24-ல் டல்லடிகா ஓடுதளத்தில் பட்டி பேக்கர் ஓட்டிய டேடோனா, மூடிய சுற்றில் மணிக்கு 200 மைல், அதாவது சுமார் 322 கி.மீ. வேகத்தைத் தாண்டிய முதல் நாஸ்கார் வாகனம் ஆனது. ஆனால் கடைத்தெருவில் சூப்பர்பேர்ட் விலைபோகவில்லை. நீண்ட மூக்கும் உயர்ந்த இறக்கையும் சாதாரண வாடிக்கையாளர்களை விரட்டின. இரண்டையும் கழற்றிவிட்டு, அதன் அடிப்படையான ரோட் ரன்னர் காராக்கி விற்ற விற்பனையாளர்களும் இருந்தார்கள். இன்று முழு உருவில் மிஞ்சிய சூப்பர்பேர்டுகளுக்கு ஏலக்கூடங்களில் கிடைக்கும் விலையைப் பார்த்தால், அன்று அந்த ஸ்பேனரைக் கையில் எடுத்தவர்கள்மீது பரிதாபம்தான் வரும்.

ஃபோர்டின் எஸ்கார்ட் ஆர்.எஸ். காஸ்வர்த் இதே வழியில் 1992-ல் வந்தது. பின்கண்ணாடியின் மேல்விளிம்பை ஒட்டி ஒன்று, கீழே ஒன்று என இரண்டடுக்கு இறக்கை. வடிவமைப்பாளர் ஃபிராங்க் ஸ்டீபன்சன் மூன்றடுக்காக வரைந்ததைச் செலவு கருதி இரண்டாகக் குறைத்தார்கள். பின்னர் அந்தப் பெரிய இறக்கை வேண்டாம் என்பவர்களுக்கு அது இல்லாமலும் கார் கிடைத்தது. இந்த மாடலில் இறக்கை இல்லாத கார் ஒன்றைப் பார்த்து, யாரோ எடுத்துவிட்டார்கள் என்று உடனே முடிவுகட்டிவிட முடியாது.

இறக்கை உயிர்காக்கும் பொருளான கதையும் ஒன்று உண்டு. 1998-ல் வந்த முதல் தலைமுறை ஆடி டிடி, முன்னும் பின்னும் ஒரே மாதிரி உருண்ட, விளிம்பே இல்லாத வடிவத்துக்காகக் கொண்டாடப்பட்டது. ஜெர்மனியின் வேகக் கட்டுப்பாடற்ற ஆட்டோபான் சாலைகளில் அதிவேகத்தில் தடம் மாறும்போது சில கார்கள் கட்டுப்பாட்டை இழந்து, உயிரிழப்புகள் நேர்ந்தன. 1999-ன் இறுதியில் ஆடி, ஏற்கெனவே விற்ற கார்களைத் திரும்ப அழைத்துப் பின்மூடியில் ஒரு சிறு ஸ்பாய்லரைப் பொருத்தியது, சஸ்பென்ஷனைத் திருத்தியது, சறுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பையும் கொண்டுவந்தது. ஸ்பாய்லர் இல்லாத ஆரம்பகால டிடியே தூய வடிவம் என்று இப்போது சேகரிப்பாளர்கள் சிலர் தேடுகிறார்கள். தூய வடிவம்தான். ஆனால் அதற்காக ஸ்பாய்லரைக் கழற்றிவிட்டு, அந்தக் காரை மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் ஓட்ட நினைப்பது மடத்தனம். கண்காட்சிக்கு மட்டும் செல்லும் காருக்கு ஒரு நியாயம், நெடுஞ்சாலையில் ஓடும் காருக்கு வேறு நியாயம்.

காற்று என்ன சொல்கிறது என்று தெரிந்த பிறகு ஆவணம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு கார் இறக்கையோடு பிறந்ததா, பிறகு யாராவது பொருத்தினார்களா என்பதைத் தொழிற்சாலைப் பதிவேடுகளிலிருந்து பெரும்பாலும் அறியலாம். லம்போர்கினி 2015-ல் தொடங்கிய போலோ ஸ்தோரிகோ பிரிவு பழைய கார்களின் ஆவணங்களைத் தேடிச் சான்று வழங்குகிறது. ஃபெராரிக்கு ஃபெராரி கிளாசிக்கே இருக்கிறது. போர்ஷ் காரில் எந்தெந்த விருப்பத் துணைப்பொருள்கள் கேட்கப்பட்டன என்பது குறியீட்டு எண்களாகப் பதிவாகியிருக்கும். பொதுவாக, தொழிற்சாலையில் பொருத்திய இறக்கையை எடுத்தால் சந்தை மதிப்பு குறையும். இறக்கையில்லாமல் பிறந்த காரில் பின்னாளில் யாரோ வைத்ததை எடுத்தால் கூடும். எண்ணிக்கை குறைந்த மாடல் என்றால் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகும். முழுதாக மீட்டெடுக்கப்பட்ட இறக்கையில்லா எல்.பி.400, சேகரிப்பாளர்களிடம் பிற்காலக் கவுன்டாஷ்களைவிட மதிப்புப் பெறுகிறது. ஆனால் ஓர் எல்.பி.400 எஸ் காரின் இறக்கையைக் கழற்றிவிட்டால் அது எல்.பி.400 ஆகிவிடாது. புடைத்த சக்கர வளைவுகள் அங்கேயே இருக்கின்றன. அந்த அகலத்துக்கு முதுகில் ஏதாவது இருந்தால்தான் பொருத்தம் என்பது ஒரு சாராரின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது.

நடுவில் ஒரு சாம்பல் நிறப் பகுதி உண்டு. கார் வாங்கிய இரண்டாம் ஆண்டே முதல் உரிமையாளர் பொருத்திய இறக்கை தொழிற்சாலை அசல் அல்ல. ஆனாலும் நாற்பது ஆண்டுகளாக அந்தக் காரோடு இருப்பது. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீவா ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம் இதில் ஒரு நிலைப்பாடு எடுக்கிறது. கட்டடப் பாதுகாப்புக்கான 1964 வெனிஸ் சாசனத்தின் வழியில் எழுதப்பட்ட அது, ஒரு வாகனத்தின் வாழ்நாளில் நேர்ந்த மாற்றங்களையும் அதன் வரலாற்றின் பகுதியாகவே பார்க்கச் சொல்கிறது. கடைசியாகக் கோட்டையில் சேர்ந்த சுவர் என்பதற்காக அதை இடித்துத் தள்ளக்கூடாது என்கிற அதே தர்க்கம். ஜெர்மனியில் 30 ஆண்டு கடந்த கார்களுக்குத் தரப்படும் ‘எச்’ எழுத்துப் பதிவெண்ணும் இதற்கு இடம் தருகிறது: கார் பதிவான முதல் பத்து ஆண்டுகளுக்குள் அக்காலத்து வழக்கப்படி செய்யப்பட்ட மாற்றம் தகுதியைக் கெடுக்காது. 1985-ல் பொருத்திய இறக்கைக்கும் சென்ற ஆண்டு இணையத்தில் வாங்கிப் பொருத்திய இறக்கைக்கும் வேறுபாடு இப்படித்தான் வகுக்கப்படுகிறது. முன்னதை எடுக்குமுன் யோசிக்க வேண்டும். பின்னதைத் தயங்காமல் எடுக்கலாம்.

எடுப்பது என்று முடிவானால் மிச்சம் இருப்பது பட்டறை வேலை. போர்ஷைப்போல மூடியோடு சேர்ந்த வால் என்றால் இன்னொரு மூடியைத் தேடி வாங்கி, காரின் நிறத்துக்குச் சாயமடித்து மாட்டினால் போதும். மூடியைத் தாங்கும் வாயு ஸ்ட்ரட்டுகளையும் கூடவே மாற்ற வேண்டும். கனமான வாலுக்கென்று வைத்த ஸ்ட்ரட், இலகுவான தட்டை மூடியைக் கையை விட்டதும் வேகமாக மேலே எறியும். லேசான மூடிக்கு வைத்த ஸ்ட்ரட், வாலைத் தாங்காமல் மெக்கானிக்கின் தலைமேல் இறக்கும். முன்தாடையையும் வாலையும் ஒரே ஜோடியாகக் கருதி, இரண்டையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

கவுன்டாஷ்போல உடலில் துளையிட்டு, போல்ட்டால் இறுக்கிய இறக்கை என்றால் வேலை கூடுதல். கவுன்டாஷின் உடல் அலுமினியத் தகடு. அதில் எஃகுப் போல்ட் நேரடியாகத் தொட்டிருந்து ஈரமும் சேர்ந்தால் அந்த இடத்தில் அலுமினியம் அரித்துப் பொடியாகும். இறக்கையின் காலை எடுத்த பிறகுதான் அடியில் எவ்வளவு தகடு மிஞ்சியிருக்கிறது என்பது தெரியவரும். ஆண்டுக்கணக்கான அதிர்வில் துளையின் ஓரங்களில் மயிரிழை வெடிப்புகளும் ஓடியிருக்கும். துளைகளை அலுமினியப் பற்றவைப்பில் தேர்ந்தவரே மூட வேண்டும். மாவுபோல் பூசும் நிரப்பியால் அடைத்தால் இரண்டு கோடையில் வட்டம் வட்டமாகக் காட்டிக்கொடுத்துவிடும். இறக்கைக்கு அடியில் வெயில் படாமல் இருந்த சாயம் மற்ற இடங்களைவிட அடர்ந்திருக்கும் என்பதால், பின்பகுதி முழுவதற்கும் புதிதாக அடிக்க நேரும். அசல் சாயத்தோடு மிஞ்சியிருக்கும் காரில் இது இறக்கையை எடுப்பதைவிடப் பெரிய இழப்பு. அப்படிப்பட்ட காரில் துளைகளை மூடாமல், ரப்பர் அடைப்பான்களைப் பொருத்திச் சில மாதங்கள் ஓட்டிப் பார்ப்பது சேகரிப்பாளர்கள் கையாளும் வழி. பிடிக்காவிட்டால் இறக்கையைத் திரும்ப மாட்டிவிடலாம்.

கழற்றிய இறக்கையை விற்பதற்குப் பலரும் ஆசைகாட்டுவார்கள். அதன் கால்கள், போல்ட்டுகள், அடியில் இருந்த தாங்குதகடுகள், ரப்பர் வாஷர்கள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, எந்தப் போல்ட் எந்தத் துளைக்கு என்று எழுதி, கழற்றும்முன் எடுத்த படங்களையும் உடன் வைத்துப் பாதுகாக்க வேண்டும். கார் கைமாறும்போது அந்தப் பெட்டியும் காரோடு போக வேண்டும்.